பாலன் பாதத்தில் தடவிய சிவப்பு

நடந்தது இதுதான்:

1. கோயில் குடிலில் வைக்கும் பழைய பாலன் இயேசு சிலையின் கை லேசாக ஆடியது.
2. இறுக்கித் தருகிறேன் என்று நான் டிரில் மெஷினை எடுத்தேன்.
3. பாலன் இரண்டானார்.
4. “என் பொண்ணே புதுசு செஞ்சி குடுப்பா ஃபாதர்” என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். (என்னைக் கேட்கவில்லை. மறுக்கும் நிலையில் நானும் இல்லை.)
5. செய்தேன்.
6. கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் முக்கால்வாசிக் கோயில் முழங்கால் போட்டது.

ஆறாவதை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கோலார் தங்கவயல் ஊரிகத்தில் எங்கள் கோயிலின் கிறிஸ்துமஸ் குடில் பொறுப்பு அந்த வருடம்தான் முதல்முறையாக அம்மாவின் கைக்கு வந்திருந்தது. அதற்கு முன் அது ஜெசிந்தா ஆன்ட்டியின் ராஜ்ஜியம். சிலை உடைந்த செய்தி கேட்டதும் ஆன்ட்டி, பெங்களூரில் ஒன்று வாங்கிவிடலாம் என்றும், அப்படியே குடிலையும் தானே பார்த்துக்கொள்வதாகவும் மிகுந்த அன்போடு சொன்னார். ஆக, என் பொம்மை சொதப்பினால் அம்மாவின் பதவி போய்விடும். (சம்பளமில்லாத பதவிதான். ஆனால் அம்மா அதற்காகப் புதுப் புடவை எடுத்திருந்தாள்.)

நான் டிப்ளமோ படித்தவள். தினமும் ரயிலில் பெங்களூர் போய், ஒரு தொழிற்சாலையில் பெயிண்ட் அடித்த பாகங்களைச் சோதிக்கிறேன். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். துணியில் நிறம் ஒட்டினால் பாகம் திரும்பிப் போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து ஊர் பூதிகோட்டையில் களிமண் வாங்கி, உருவம் பிடித்து, அங்கேயே சூளையில் சுட்டும் வாங்கினேன். அதுவரை அது சாதாரணப் பொம்மைதான். பிறகுதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. கடையில் விற்கும் பாலன்கள் எல்லோரும் ஆறு மாதக் குழந்தை மாதிரி கொழுகொழுவென்று சிரிக்கிறார்கள். அன்று பிறந்த பிள்ளை அப்படியா இருக்கும்? எங்கள் லைன் வீடுகளிலேயே நான்கு நாள் பிள்ளை ஒன்று இருந்தது. பார்க்கப் போனேன். வந்தவர்கள் எல்லோரும் கொஞ்சினார்கள்; நான் நோட்டில் குறிப்பெடுத்தேன். மூக்கின் மேல் பொடிப் பொடியாய் வெள்ளைப் புள்ளிகள். நெற்றியோரம் நீல நரம்பு. மணிக்கட்டில் நூல் கட்டி இறுக்கியது போல மடிப்பு. உள்ளங்கால் நல்ல சிவப்பு.

“பிள்ளைய பாக்க வந்தியா, இன்ஸ்பெக்சனுக்கு வந்தியா?” என்றாள் பிள்ளையைப் பெற்றவள்.

புள்ளிகளை ஊசி முனையால் வைத்தேன். நரம்பை இருக்கிறதிலேயே மெல்லிய பிரஷ்ஷால் இழுத்தேன். தோலில் திட்டுத் திட்டாக வரும் நிறத்தை ஸ்பாஞ்சால் ஒற்றினேன். கடைசியில், படம் வரையும் சிவப்பு சாக் பேஸ்டல் குச்சியைப் பொடியாக்கிப் பாதம் முழுக்கத் தடவினேன். அதன்மேல் வார்னிஷ் அடித்திருக்க வேண்டும். அடித்தால் பளபளக்கும். பிறந்த பிள்ளையின் கால் பளபளக்காது. விட்டுவிட்டேன்.

குடிலில் வைத்ததும் ஜெசிந்தா ஆன்ட்டி குனிந்து வெகுநேரம் பார்த்தார். “தூங்குது,” என்றார், குரலைத் தாழ்த்தி. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் டிப்ளமோ ரிசல்ட் வந்தபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்ததும் ஃபாதர் பாலனை ஏந்தி நிற்பார். வரிசையாக வந்து பாதத்தை முத்தி செய்வார்கள். ஒவ்வொரு முத்தத்துக்குப் பிறகும் ஃபாதர் ஈரமான வெள்ளைத் துணியால் துடைப்பார். நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் அந்த வரிசையில் நிற்கிறேன். ஈரம், வெள்ளைத் துணி, தேய்ப்பு. ஒருமுறைகூட எனக்கு உறைக்கவில்லை.

முதல் ஆள் ஜெசிந்தா ஆன்ட்டி. ஆறாவது அந்தோணி மாமா, தங்கச் சுரங்கம் மூடும்வரை அதில் ஷிப்ட் பார்த்தவர். முத்தி செய்து நிமிர்ந்தவர் துணியைப் பார்த்தார். பாதத்தைப் பார்த்தார். “ஃபாதர், ரத்தம்,” என்றார். முழங்காலில் விழுந்தார். பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் முழங்கால் போட்டார்கள். பாட்டு நின்றது. யாரோ செபமாலையை ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் அம்மாவும் முழங்காலில் இருக்கிறாள். (நான் சிவப்பு தடவும்போது பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்தவள்.)

பேசாமல் இருந்திருக்கலாம். அம்மாவின் பதவி ஆயுளுக்கும் உறுதியாகியிருக்கும். ஆனால் அந்தோணி மாமா அழுதுகொண்டிருந்தார். நான் ஃபாதரிடம் போய் ரகசியமாகச் சொன்னேன். அவர் அங்கியில் மைக் குத்தியிருந்ததைக் கவனிக்கவில்லை.

“ஃபாதர், அது சாக் பேஸ்டலு. வார்னிஷ் அடிச்சா ரியலா இருக்காதுன்னு அடிக்காம உட்டுட்டேன்.”

எல்லா ஸ்பீக்கரிலும் தெளிவாகக் கேட்டது.

செபமாலை பாதியில் நின்றது. ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டபோதுதான், முத்தி செய்தவர்களின் உதடுகள் சிவந்திருப்பது தெரிந்தது. பாட்டுக் குழுப் பெண்களை லிப்ஸ்டிக் போடக் கூடாதென்று ஞாயிறுதோறும் கண்டிக்கும் ஜெசிந்தா ஆன்ட்டி, உண்மையைச் சொன்னால், மிக அழகாக இருந்தார். அந்தோணி மாமாவின் வெள்ளை மீசை ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப நான் இன்னாத்துக்கும்மா மண்டி போட்டுகினு கீறேன்? முட்டி புடிச்சிக்கிச்சி. தூக்கி உடு.”

முதலில் சிரித்தது ஃபாதர். அதுவும் மைக்கில்தான்.

இப்போதைய நிலவரம்: குடில் பொறுப்பு மறு வருடமே ஜெசிந்தா ஆன்ட்டியிடம் திரும்பிப் போய்விட்டது. ஆனால் பாலனை மாற்ற அவரே ஒப்புக்கொள்ளவில்லை. பாதத்தில் மூன்று கோட் வார்னிஷ் இருக்கிறது. உடம்பெல்லாம் அன்று பிறந்த பிள்ளை, கால் மட்டும் ஷோரூம் பைக். அம்மாவுக்கு வேறு பதவி கொடுத்திருக்கிறார்கள். வரிசையில் முதல் ஆளாக முத்தி செய்து, வெள்ளைக் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்து, அதை விரித்து என் பக்கம் காட்டுவாள். நான் தலையாட்டிய பிறகுதான் அந்தோணி மாமா முத்தி செய்ய நகர்கிறார்.