கொள்ளுத் தண்ணியும் முதல் பரிசும்

ரிப்பனைக் கட்டி முடிப்பதற்குள் காளிச்சாமி வந்துவிட்டான். அத்தனை வினையும் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

கொல்லங்கோட்டு மைதானத்தின் வாயிலில் ரிப்பனின் ஒரு நுனியைக் கம்பத்தில் கட்டிவிட்டு, மறு நுனியைக் கையில் பிடித்தபடி இன்னொரு கம்பம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார் முத்துசுவாமி. அரிசி மில் மானேஜர். சைக்கிள் பந்தயக் கமிட்டியின் காரியதரிசியும் அவர்தான். கேரளம் என்று ஒரு மாநிலம் பிறந்து ஒரு வருஷம் ஆனதைக் கொண்டாட ஊரார் கதகளி வைக்கலாம் என்றபோது, “கதகளி எப்பவும் உள்ளதுதானே! சைக்கிள் பந்தயம் வைப்போம். கோயமுத்தூரே திரும்பிப் பார்க்கும்” என்று ஒற்றைக் காலில் நின்றவர். வீடு வீடாக ஏறி இறங்கி, முதல் பரிசுக்குப் பளபளவென்று ஒரு புதுச் சைக்கிளும் வாங்கி மேடையில் நிறுத்தியிருந்தார்.

எல்லையிலுள்ள கோவிந்தாபுரம் வரை போய்த் திரும்ப வேண்டும் என்பது பந்தயம். போனவர்கள் திரும்ப இன்னும் வெகு நேரம் ஆகும் என்ற நிம்மதியில் முக்கிய விருந்தினரே இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் காளிச்சாமி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து, முத்துசுவாமியின் கையிலிருந்த ரிப்பனையும் பறித்துக்கொண்டு மைதானத்துக்குள் பாய்ந்தான்.

கூட்டம் கை தட்டவில்லை. வாயைப் பிளந்தது.

“மனுசன் இப்பிடி வருவானா?” என்று முதலில் கேட்டவர் டீக்கடை ராக்கப்பன். ஊரில் எந்த விஷயத்திலும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பெரும்பாலும் கெட்ட அபிப்பிராயம். “இவன் என்னமோ தின்னிருக்கறானுங்க. லேகியமோ, அபினியோ. இல்லாட்டி இந்த வேகம் வராது.”

அவ்வளவுதான். தீ பிடித்தது போல அந்த வார்த்தை மைதானம் முழுவதும் பரவியது. முன் வரிசையில் ‘லேகியம்’ என்று கிளம்பியது, பின் வரிசை போய்ச் சேருவதற்குள் ‘ஊசி’ ஆகிவிட்டது.

முத்துசுவாமி பதறிக்கொண்டு ஓடினார். “ஏண்டாப்பா காளிச்சாமி, இவா என்னமோ பறயறாளே! நீ ஏதாவது சாப்பிட்டயோ?”

“காத்தால பழைய சோறு சாப்புட்டனுங்க சாமி,” என்றான் அவன், மூச்சு வாங்க.

“பழைய சோத்துக்கா இந்த வேகம்?”

“தெனமும் கோயிந்தாபுரத்துல இருந்து ரெண்டு பால் கேனை வெச்சு மிதிக்கறவனுங்க நானு. இன்னைக்குக் கேன் இல்லீங்களா, வண்டி தானாப் பறந்துச்சுங்க.”

நியாயமான பதில். முத்துசுவாமிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மேடை ஏறி ஒலிபெருக்கியில் அதை அப்படியே சொன்னார்.

“பால்காரன் பேச்சையா நம்பறது?” என்று ஒரு பெண் குரல் எழுந்தது. “அவன் பால்லயே பாதி தண்ணீங்க!”

மைதானம் சிரித்தது. காளிச்சாமியின் பாலை வாங்கி ஊற்றித்தான் ராக்கப்பன் டீக்கடை நடத்தினார் என்பதால் அவர் மட்டும் சிரிக்கவில்லை. காளிச்சாமியின் முகம் சுண்டிப்போயிற்று. எல்லையிலிருந்து தினமும் இந்த ஊருக்குப் பால் சுமந்த கால்கள் அவை. முதல் தடவையாக அந்த ஊர் தன்னை நிமிர்ந்து பார்க்கும் என்று நினைத்து வந்தவன், தலையைக் குனிந்துகொண்டான்.

வைத்தியரைக் கொண்டு தீர்த்துவிடலாம் என்று முத்துசுவாமிக்குத் தோன்றியது. குப்பண்ண வைத்தியர் முன் வரிசையில்தான் இருந்தார். அவர் காளிச்சாமியின் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணை மூடி, வெகு நேரம் நின்றார்.

“நாடி ரொம்ப வேகமா ஓடுதுங்க,” என்றார் கடைசியில்.

“ஓய், அவன் இப்பத்தானே சைக்கிள்லேர்ந்து எறங்கினான்! நாடி ஓடாம படுத்துண்டா இருக்கும்?”

வைத்தியர் யோசித்தார். தெரியவில்லை என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. “மருந்து தின்னானா இல்லையானு நான் சொல்ல மாட்டனுங்க. தின்னிருந்தா எங்கிட்ட வாங்கினது இல்லீங்க, அதை மட்டும் சத்தியமாச் சொல்றேன்.”

“பாத்தீங்களா! வைத்தியரே சொல்லிப்போட்டாரு!” என்றார் ராக்கப்பன்.

அதற்குள் யாரோ காளிச்சாமியின் சைக்கிளில் கயிறு கட்டித் தொங்கிய சோடா பாட்டிலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உள்ளே பழுப்பாக ஏதோ கலங்கிக்கொண்டிருந்தது. பாட்டில் தலைக்கு மேலே கை மாறி மாறி மேடைக்கு வந்தது.

“இது என்னடா?” என்றார் முத்துசுவாமி.

“கொள்ளுத் தண்ணீங்க. என்ற ஊட்டுக்காரி வேவிச்சு வடிச்சுக் குடுத்துச்சுங்க.”

“கொள்ளு யாருக்குக் குடுக்கறது? குதிரைக்கு!” என்றார் ராக்கப்பன். “அப்ப இது குதிரை மருந்துதானுங்களே!”

‘குதிரை மருந்து’ என்ற சொல் கூட்டத்துக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நாலு பேர் அதைத் தாளம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். மேடையில் முக்கிய விருந்தினர் துரைசுவாமி நெளிந்தார். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருந்த பெரிய மனிதர். ‘உழைப்பே உயர்வு’ என்று நீளமாக ஒரு பிரசங்கம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். “என்ன மிஸ்டர் முத்துசுவாமி, நான் பேசலாமா, கூடாதா?” என்றார்.

“இதோ ஒரு நிமிஷம், சார்,” என்ற முத்துசுவாமிக்கு உணர்ச்சி பொங்கியது. “எல்லாரும் பாருங்கோ! இதுலே ஒண்ணும் இல்லேங்கறதுக்கு நானே குடிச்சுக் காட்டறேன்!”

பிறர் பாத்திரத்தில் வாய் வைத்தறியாத மனிதர், பாட்டிலை உயரத் தூக்கி மடக் மடக்கென்று ஊற்றிக்கொண்டார். பாதி வாய்க்குள் போயிற்று, பாதி மூக்கில் ஏறிற்று. இருமினார். கண்ணில் நீர் வந்தது. முகம் சிவந்தது. பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பொழிய ஆரம்பித்தார்:

“கேட்டேளா! வெறும் கொள்ளுத் தண்ணி! உப்பு கொறச்சு ஜாஸ்தி, அவ்வளவுதான்! ஒரு ஏழை கஷ்டப்பட்டு ஜெயிச்சா நமக்குப் பொறுக்கலே! வெயில்லே அலைஞ்சு, வாசப்படி வாசப்படியா ஏறி, இந்தப் பந்தயத்தை நான் நடத்தறேன், எனக்கு என்ன லாபம்? கதகளி வெச்சிருந்தா இந்த லஹளையும் கூச்சலும் உண்டா?”

கையை ஆட்டினார். குதித்தார். வேட்டி நுனி அவிழ்ந்தது கூடத் தெரியவில்லை.

கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது.

“அடேங்கப்பா,” என்றது ஒரு குரல், பயபக்தியுடன். “அவருக்கும் ஏறிப்போச்சுங்க!”

பெண்கள் பக்கத்திலிருந்து முத்துசுவாமியின் மனைவி சேஷம்மாள் எழுந்து நின்றாள். கணவனின் மானத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“யாரும் ஒண்ணும் தப்பா நினைச்சுக்காதேங்கோ! இவர் ஆத்துலேயும் நித்யம் இப்படித்தான்!”

“அப்ப நித்தியம் திங்கறாருங்க!” என்றார் ராக்கப்பன்.

அதற்குமேல் காளிச்சாமியால் பொறுக்க முடியவில்லை. தன்னைச் சொன்னாலாவது பரவாயில்லை, தனக்காகப் பேச வந்த மனிதரையும் சேர்த்தல்லவா சொல்கிறார்கள்? மேடையில் ஏறி, முத்துசுவாமியின் கையிலிருந்த ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டான்.

“சாமியை உடுங்க. தின்னேன். லேகியந்தான் தின்னேன். போதுங்களா? உங்க சைக்கிளை நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்.”

அடுத்த கணம் கூட்டம் மேடையை நோக்கி நெருக்கிக்கொண்டு வந்தது. முத்துசுவாமி அடிக்க வருகிறார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏனுங்க காளிச்சாமி, எங்கீங்க கிடைக்குது அது?”

“உழவு மாட்டுக்குக் குடுக்கலாமுங்களா?”

“முட்டு வலி கேக்குமா தம்பி?”

முந்திக்கொண்டு கேட்டவர்களில் ராக்கப்பனும் இருந்தார். பால் ஊற்றிய இத்தனை காலத்தில் யாரும் ‘ஏனுங்க’ போட்டுக் கூப்பிட்டிராத காளிச்சாமி, எல்லாரையும் ஒரு முறை பார்த்தான். பழைய சைக்கிளில் ஏறி, வந்த வழியே மிதித்துப் போனான். அந்தக் கோபத்தில் அவன் போன வேகம், வந்த வேகத்தை விட அதிகம். “இன்னும் இறங்கலை பாருங்க,” என்றார் குப்பண்ண வைத்தியர்.

மேடையில் பரிசுச் சைக்கிள் மட்டும் நின்றது. சரி, இந்த அமளிக்கு நடுவே வந்து சேர்ந்திருந்தவர்களில் இரண்டாவதாக வந்தவனுக்குக் கொடுத்து முடித்துவிடலாம் என்று முத்துசுவாமி பெயரைக் கூப்பிட்டார். பொள்ளாச்சிக் கருப்புசாமி. பந்தயமே பிழைப்பு அவனுக்கு. ஒரு சைக்கிள் கடை முதலாளி சாப்பாடு போட்டு, பனியனில் கடைப் பெயர் எழுதி, ஊர் ஊராக ஓட வைத்திருந்தார். மீசையை முறுக்கிக்கொண்டு அவன் முன்னே வர, வைத்தியரும் முன்னே வந்து கையை நீட்டினார்.

“எதுக்குங்க?”

“நாடி பாக்கோணுமில்ல?”

“என்ற கையை ஒருத்தனும் தொடக் கூடாது!” என்று கத்தினான் கருப்புசாமி. முதலாளிக்குக் கூடக் காத்திராமல் பஸ் நிறுத்தத்துக்கு நடையைக் கட்டினான். அவன் மானஸ்தனா, மருந்து தின்றவனா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் ஊர் அங்கேயே முடிவு செய்துவிட்டது.

மூன்றாவது ஆளைத் தேடினார் முத்துசுவாமி. நாலாவது ஆளையும் தேடினார். மரத்தடியில் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த சைக்கிள்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. நாடி, சோடா பாட்டில், ஒலிபெருக்கி என்ற மூன்றையும் தாண்டிப் பரிசு வாங்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

“பின்னே யாரைத்தான் நம்புவேள் நீங்கள்?” என்று அழாக்குறையாகக் கேட்டார்.

ராக்கப்பன் நிதானமாக எழுந்தார். “இதுல என்னங்க கஷ்டம்? மருந்து தின்னா வேகம் வரும். அதிகமாத் தின்னவன் முதல்ல வந்தான். கொஞ்சம் கம்மியாத் தின்னவன் ரெண்டாவது வந்தான். ஒண்ணுமே திங்காதவன் எப்ப வருவான்? கடைசியாத்தானுங்க வருவான்!”

கரகோஷம் வானைப் பிளந்தது. அன்று மைதானத்தில் எழுந்த முதல் கைதட்டல் அதுதான்.

முத்துசுவாமிக்கு அந்தக் கணக்கில் எங்கோ ஒரு கோளாறு இருப்பது தெரிந்தது. ஆனால் விருந்தினர் எழுந்து நின்றுகொண்டிருந்தார், பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது, மூக்கில் இன்னும் கொள்ளு எரிந்தது. “கடைசி ஆள் யாரு?” என்று மட்டும் கேட்டார்.

கேட்ட வேளை, வாயிலில் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான். சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் நல்லதம்பி. பந்தய வழியிலேயே முதலமடையில் இருந்த அக்காள் வீட்டுக்கு லீவில் வந்தவன், பந்தயம் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்திருந்தான். அவன் பந்தயத்தில் இருந்ததையே எல்லாரும் மறந்துவிட்டிருந்தார்கள்.

“வந்துட்டாருங்க உத்தமர்!”

அவன் என்ன ஏது என்று கேட்பதற்குள் நாலு பேர் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். யாருக்கோ வைத்திருந்த ரோஜா மாலை அவன் கழுத்தில் விழுந்தது. மேடையில் இறக்கிவிட்டபோது அவன் லேசாக ஆடினான். கண்கள் சிவந்திருந்தன. “ஆனந்தக் கண்ணீர்,” என்றாள் சேஷம்மாள், தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு. நாடி பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வைத்தியரே கை தட்டிக்கொண்டிருந்தார்.

துரைசுவாமி ‘உழைப்பே உயர்வு’ என்ற பிரசங்கத்தை அந்த இடத்திலேயே ‘நேர்மையே உயர்வு’ என்று மாற்றிக்கொண்டார். தலைப்பைத் தவிர வேறொன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. “வேகம் பெரிதல்ல. மெதுவாக வந்தாலும் சுத்தமாக வந்தானே, அவன்தான் வீரன்!” என்று முடித்து, புதுச் சைக்கிளை நல்லதம்பியின் கையில் ஒப்படைத்தார். முத்துசுவாமிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இனிமேல் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கலாம். கோயமுத்தூர் திரும்பிப் பார்த்தாலும் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

“நாலு வார்த்தை பேசப்பா,” என்று ஒலிபெருக்கியை அவன் முன்னால் நகர்த்தி வைத்தார்.

நல்லதம்பி கும்பிட்டான். ஒரு பெரிய கொட்டாவியை அடக்கிக்கொண்டான்.

“நேரமாயிருச்சு, எல்லாரும் மன்னிக்கணும் அய்யாமாரே... பந்தயத்துல ஓட்டுறவுக பூராப் பேரும் லேகியம் திம்பாகன்னு ஊரே சொல்லுச்சு, நானும் அதை நம்பி ரெண்டு உருண்டையை முழுங்கிட்டுப் புறப்பட்டேன். முதலமடைப் புளியமரத்தடியில சாஞ்சவன் இப்பத்தான்யா முழிச்சு வாரேன்!”