ஒத்தைக்காது அண்ணன் கட்டிய இயர்போன் தோரணம்

மலிவு இயர்போனின் மானத்தைக் காப்பாற்றுவதற்கென்றே இந்த உலகத்தில் ஒருவர் பிறந்தார் என்றால், அது எங்கள் மட்டாஞ்சேரி தமிழ்த் தெருவில் இருந்த ஒத்தைக்காது அண்ணன்தான். இதை எந்த மேடையில் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

அவருக்குக் காது இரண்டும் நன்றாகவே இருந்தன. அவர் வாங்குகிற இயர்போனில்தான் எப்போதும் ஒரு பக்கம் ஊமை. மிச்சமிருக்கிற பக்கமும் வயரை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால்தான் பாடும். அண்ணனுக்கு அந்தக் கோணம் தலைக்கு மேலேதான் அமையும். ஆகவே வலது கையை உயரத் தூக்கியபடியே பஜாரில் நடப்பார். ஆட்டோக்கள் பிரேக் போடும். பஸ் நின்று, ஏறாத அவரைத் திட்டிவிட்டுக் கிளம்பும். புறப்பட்டுவிட்ட படகுகூட ஒருமுறை அவருக்காகத் துறைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

கார்ப்பரேஷனில் தெருவிளக்கு பழுதுபார்க்கிற வேலை. சம்பளம் வந்ததும் பஜார் நடைபாதைக் கடைக்குப் போய் இயர்போன் குவியல் முன்னால் குந்திவிடுவார். ஒவ்வொன்றாகத் தட்டுவார், ஆட்டுவார், மோந்துகூடப் பார்ப்பார். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் மலையாளத்தில் கத்தினார்.

"என்றெ பொன்னு அண்ணா, இது தேங்கயல்ல, தட்டி நோக்கி வாங்கான்!"

நான் மிளகு மண்டி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுக்காரன் என்ற உரிமையில் கேட்டுப் பார்த்தேன். "அண்ணே, கொஞ்சம் காசு போட்டு நல்லதா ஒண்ணு வாங்கக் கூடாதா?"

"எடே, வெல கூடினது பாட்டுக்குப் பவுடர் பூசி அனுப்பும். இதுல கேளு. பாடுறவனுக்குச் சளி பிடிச்சிருக்கான்னுகூட தெரியும்."

வாங்கிக் கேட்டேன். எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம்தான் வந்தது. "பாட்டு எங்கண்ணே?"

"கடுகுக்கு அடியில பாட்டு உண்டு. நீ பொறுமையா கேளு."

அடிச்சத்தம், அதாவது பேஸ், போதவில்லை என்று ஒரு சமயம் இரண்டு தேங்காய்ச் சிரட்டையைத் துளைத்து இயர்போனைச் செருகிக் காதில் கவிழ்த்துக்கொண்டார். அந்தக் கோலத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சாயாக்கடை சேட்டன் "ஒரு சாயா கூடி எடுக்கட்டே?" என்று கேட்க, அண்ணன் தெருவே அதிர, "பேஸ் சூப்பரா இருக்கு!" என்றார். காதை அடைத்துக்கொண்டவருக்குத் தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரிவதில்லை. இந்தச் சின்ன உண்மையை நாங்கள் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கவில்லை. அம்மன் கோவில் கொடைத் திருவிழா வந்தது.

கொடை என்றால் எங்களுக்கு வில்லுப்பாட்டுதான். திருநெல்வேலிப் பக்கமிருந்து அக்கா ஒருவர் குழுவோடு வந்து இறங்கிவிட்டார். அவர் கதையை ஓரிடத்தில் நிறுத்த, பின்பாட்டுக்காரர்கள் "ஆமா!" போடுவார்கள். எங்கள் தெருவில் கூட்டமும் சேர்ந்து "ஆமா!" போடும். அதுதான் வழக்கம். போடாவிட்டால் அம்மனுக்குக் கதை போய்ச் சேராது என்று நம்புகிறவர்கள் நாங்கள்.

அந்த வருஷம் கோவிலை ஒட்டிப் புதிதாகப் பிரசவ ஆஸ்பத்திரி வந்திருந்தது. ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கோ கட்டிய தொண்டை, மைக் இல்லாமல் பாட முடியாது. வில்லைத் துணியில் சுற்றிக்கொண்டு ரயிலுக்குப் புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தார். எந்தக் காலத்திலும் நின்றுபோகாத பாட்டு நின்றுபோகப் போகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது வலது கையைத் தூக்கியபடி வந்து சேர்ந்தார் அண்ணன். "பாட்டு உண்டு! ஒச்சையும் சத்தமும்தான் வெளிய கிடையாது!"

மத்தியானத்துக்குள் தெருவையே புரட்டிவிட்டார். பக்கத்து அரிசிக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே குழு உட்காருகிற அளவுக்கு இடம். கனத்த சுவர், கனத்த கதவு. "அரிசி மூட்டை சத்தத்தைக் குடிச்சிரும், இதாண்டே ஸ்டுடியோ!" என்றார். உள்ளே மைக். அங்கிருந்து வயர் இழுத்து, வாழ்நாளெல்லாம் சேர்த்த இயர்போன்களின் ஊமைப் பக்கங்களையும் அம்மனுக்காக அன்று ஈயம் பற்றவைத்துப் பாட வைத்து, அதில் கோத்து, தெருவில் மாவிலைத் தோரணத்தோடு தோரணமாகத் தொங்கவிட்டார். ஒரு ஜோடிக்கு இரண்டு ஆள், ஆளுக்கு ஒரு காது. மற்ற காதில் பஞ்சு. அது பேஸுக்காம்!

சாயங்காலம் பாட்டு தொடங்கியது. என்ன சொல்ல! குடம் தகர டப்பாவாகக் கேட்டது, உடுக்கை காகிதம் கிழிவது போலக் கேட்டது. ஆனால் அக்காவின் குரல், அந்தக் கட்டிய தொண்டையோடு, என் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பாடுகிற மாதிரி வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடுகுக்கு அடியில் பாட்டு இருந்தது ஐயா, இருந்தது!

அக்கா கதையை நிறுத்தினார். தெரு மொத்தமும், தன் குரல் தனக்கே கேட்காமல், அடிவயிற்றிலிருந்து கத்தியது: "ஆமா!"

ஆஸ்பத்திரி ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. அவர்களுக்குப் பாட்டு ஏது? நிசப்தமான தெருவில் திடீர் திடீரென்று ஒரு "ஆமா!" மட்டும்தான். சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து குதித்தார்.

"எந்தா இவிடெ? எல்லாவர்க்கும் கிறுக்காயோ?"

கூட்டம் கதையில் கிறங்கிக் கிடந்தது. "ஆமா!"

"எல்லாரும் ஸ்டேஷனுக்கு வரணுமோ?"

"ஆமா!"

அவர் லத்தியை எடுக்குமுன் அண்ணன் பாய்ந்து வந்து தன் சொந்த இயர்போனைத் தோரணத்தில் மாட்டி, அவர் காதில் செருகினார். இன்ஸ்பெக்டர் விறைத்து நின்றார். பிறகு முகம் சுளித்தார். "ஒண்ணும் கேக்குன்னில்லல்லோ."

"சாரே, கொஞ்சம் வளைச்சு மேல பிடிங்க."

இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். அப்படியே நின்றார். அடுத்த நிறுத்தத்தில் எங்கள் எல்லோரையும் மிஞ்சி எழுந்த "ஆமா!" அவருடையதுதான். அவரே திடுக்கிட்டு, உதட்டில் விரல் வைத்து வரிசை வரிசையாக எல்லோருக்கும் ஜாடை காட்டினார். அதன்பின் கதை முடிகிறவரை ஒரு தெரு முழுவதும் "ஆமா" என்று ரகசியம் போலச் சொல்லியது.

அப்போதுதான் அண்ணன் வெறுங்காதோடு ஓரமாக நிற்பதைப் பார்த்தேன். பஞ்சை எடுத்துவிட்டு ஓடினேன். "அண்ணே, உங்களுக்குப் பாட்டே கேக்கலியே! வாங்க, என் காதுல உள்ளதைத் தாரேன்."

"பாட்டு நீங்க கேளுங்கடே," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "எனக்கு ஆமா கேக்குதுல்ல? அது போதும்."

அண்ணன் ஓய்வு பெற்று இப்போது மகளோடு பக்கத்து ஊரான கும்பளங்கியில் இருக்கிறார். என் மகன் எனக்கு உயர்ந்த ரக இயர்போன் ஒன்று வாங்கித் தந்திருக்கிறான். இரண்டு பக்கமும் தேனாய்ப் பாடுகிறது. ஆனாலும் நான் ஒரு காதில்தான் மாட்டிக்கொள்கிறேன், மற்றொன்று அண்ணனுக்கு.