அறுபது வீட்டிலும் ஒரே பதில் வந்த விவரம்

ஆய்வு மையத்தின் களப்பயிற்சி மேற்பார்வையாளர் அம்மா அவர்களின் மேலான கவனத்துக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு, சுகமில்லாத ஒருவன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான். தங்களிடம் பயிற்சிக்கு வரும் சமூகவியல் மாணவியின் தகப்பன் நான். தொழில், லிப்ட் மெக்கானிக். அவள் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குகிற அந்த நாலு பிளாக் குடியிருப்பில் லிப்ட் பராமரிப்பது அடியேன்தான். இதை அவள் தங்களிடம் சொன்னாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

தாங்கள் அவளைக் கூப்பிட்டு, அறுபது வீட்டிலும் ஒரே பதில் எப்படி வரும், வீட்டில் உட்கார்ந்து நீயே எழுதினாயா என்று கேட்டீர்களாம். என் மனைவி தன் தங்கையிடம் போனில் சொல்லும்போது நேற்று என் காதில் விழுந்தது. மீதியைக் கேட்பதற்குள் குக்கர் கத்திவிட்டது. இந்தப் பயிற்சி கைவிட்டுப் போனால் பிள்ளைக்கு ஒரு பருவம் போச்சு, கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கும்போது இவள் வேடிக்கை பார்க்க வேண்டும், அதைவிடப் பெரிசு, பொய் எழுதினவள் என்ற பேர். அம்மா, அவள் ஒரு எழுத்துகூடப் பொய்யாக எழுதவில்லை. பொய் முழுக்க என் உபயம்.

முதல் நாள் அவள் பன்னிரண்டு வீட்டு மணியை அடித்திருக்கிறாள். ஒன்பது வீடு திறக்கவே இல்லை. ஒரு வீட்டில் கதவுச் சங்கிலியைக்கூட எடுக்காமல், எதுவும் வாங்குவதாக இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வந்தவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைப்பு. மோட்டார் எங்கே முனகுகிறது என்று காதை வைத்தே பிழைப்பு நடத்துகிறவன் நான், எனக்குக் கேட்காதா? என் மனைவி, "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, அவளே பாத்துப்பா"ன்னு சொன்னா. சும்மா இருக்க முடியலம்மா. மேசைமேல கிடந்த கேள்வித்தாளை எடுத்துப் படிச்சேன். பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியுமா, போன வாரம் எத்தனை தடவை பேசினீங்க, கஷ்டம்னா முதல்ல யார்கிட்ட சொல்வீங்க, இப்படி இருபது கேள்வி. நான் பத்தாவதோட நின்னவன். கேள்வின்னு இருந்தா சரியான விடைன்னு ஒண்ணு இருக்கும், ஜனங்க அதைச் சொன்னா என் பொண்ணுக்கு மார்க் விழும்னு நினைச்சுட்டேன்.

மறுநாளே வேலையை ஆரம்பிச்சுட்டேன். லிப்ட்ல ஏறின மனுஷன் இறங்கற வரைக்கும் எங்கே போவார்? சாவியைப் போட்டு லிப்ட் வண்டியை மெதுவா ஓட்டினேன். நாளைக்கு ஒரு பொண்ணு வரும், நம்ம பொண்ணுதான், கதவைத் திறங்க, பேர் தெரியுமான்னா தெரியும்னு சொல்லுங்க, தினமும் பேசறோம்னு சொல்லுங்க, கஷ்டம்னா பக்கத்து வீட்டுலதான் சொல்வோம்னு சொல்லுங்க. ஏழாவது மாடி போறதுக்குள்ள ஒரு தடவை ஒப்பிக்க வெச்சுடுவேன். ஒரு நாள் ரிடையரான கணக்கு வாத்தியாரும் ஒரு நர்ஸம்மாவும் ஏறினாங்க. நான் பாடம் நடத்தின மும்முரத்துல வண்டி அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல நிஜமாவே நின்னுபோச்சு. நாற்பது நிமிஷம். வாத்தியார் எல்லாத்தையும் கடகடன்னு ஒப்பிச்சுட்டு, "போதுமாய்யா, இப்பவாவது கதவைத் திற"ன்னு திட்டினார். அப்புறம் பார்த்தா ரெண்டு பேரும் எதிரெதிர் வீடாம். பதினோரு வருஷமா ஒருத்தர் பேர் ஒருத்தருக்குத் தெரியாதாம். வண்டி கிளம்பறப்போ நர்ஸம்மா அவர் முட்டி வலிக்கு வழி சொல்லிட்டிருந்தாங்க. ஆக அந்த ரெண்டு படிவத்துல மட்டும் முதல் பதில் உண்மை, அதைத் தயவுசெஞ்சு அடிச்சுடாதீங்க.

ஆகவே அம்மா, தண்டனை எதுவானாலும் எனக்குத் தாருங்கள். பெண்ணுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். அவள் வேலையில் இனி நான் மூக்கை நுழைப்பதில்லை, இது சத்தியம். தங்கள் குடும்பம் நோய் நொடியின்றி வாழவும், தங்கள் அலுவலக லிப்ட் பாதி வழியில் நிற்காமல் ஓடவும் வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
மாணவியின் தகப்பன்

பின்குறிப்பு: உறை ஒட்டும்போது அவள் பார்த்துவிட்டாள். நின்றபடியே முழுக்கப் படித்தாள். நாலாவது வீட்டிலேயே என் கைவரிசை புரிந்துவிட்டதாம், ஆனாலும் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டாளாம். தாங்கள் கேட்ட அன்றே எல்லாவற்றையும் தங்களிடம் சொல்லிவிட்டாளாம். தாங்கள் மூன்று வாரம் அவகாசம் கொடுக்க, அறுபது வீட்டுக்கும் அவளே மறுபடி போய், நேற்றோடு முடித்தும்விட்டாளாம். வீட்டில் எனக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் திரும்பவும் லிப்ட்டில் ஏறிவிடுவேனாம். மூக்கை நுழைக்க மாட்டேன் என்று நான் எழுதிய இந்தக் கடிதமே மூக்கை நுழைப்பதுதான் என்கிறாள். கிழிக்கப் போனேன், வேண்டாம், அறிக்கைக்குப் பின்னிணைப்பாக வைக்கிறேன் என்று தடுத்துவிட்டாள். அதனால்தான் அனுப்புகிறேன்.

அப்புறம் ஒரு புதுப் படிவத்தை எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். கஷ்டம் என்றால் முதலில் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டாள். உன்னிடம்தான் என்றேன்.

"ஒரு தடவைகூடச் சொன்னதில்லையேப்பா."

"அன்னிக்கு நீ உள்ள அழுதப்போ எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சும்மா" என்றேன். அதற்குப் பிறகு வேறு என்னென்னவோ சொன்னேன், ஒரு மணி நேரம் இருக்கும். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதில் ஒன்றையும் அவள் எழுதிக்கொள்ளவில்லை. ஆகையால் தங்களுக்கு அறுபது படிவம்தான் வரும். அறுபத்தொன்றாவது எங்கே என்று மட்டும் அவளைக் கேட்க வேண்டாம்.