அரசர் காதில் முதல் சொல்

கண்ணுகளா, வரைபடக்காரர்கள் வரைய மறந்துபோன நாடு ஒன்று இருந்தது. வைகறைநாடு என்று பெயர். அதன் அரசர் நித்திலவர்மர் நல்லவர்தான். ஒரே குறை, தூங்கி எழுந்தால் முந்தைய நாள் எதுவும் நினைவிருக்காது. விழித்ததும் யார் முதலில் காதில் பேசுகிறாரோ, அவர் சொல்வதே அன்று முழுக்க அரசருக்கு உண்மை.

அதனால்தான் பள்ளியறை வாசலில் பூவாயி காவல் நின்றாள். உள்ளே போகிறவர் எவரானாலும், அரசரிடம் சொல்லப்போவதை முதலில் தெருப்பக்கம் திரும்பி உரக்கச் சொல்ல வேண்டும். ஊர் கேட்கச் சொல்ல வாய் வராதவருக்குக் கதவு திறக்காது. எத்தனை பெரிய மீசையும் அவளை அசைத்ததில்லை.

ஒருநாள் மகாமந்திரி சதானந்தர் தெருவைப் பார்த்து முழங்கினார்: "இந்தச் சோதனையால் அரசாங்கம் விழிக்கத் தாமதமாகிறது! வேகமே வளர்ச்சி! இதை நிறுத்தும்படி அரசரிடம் சொல்லப்போகிறேன்!"

"நிறுத்தட்டும் பூவாயக்கா, வெடியக்காலம் இவங்க கத்துறதுல தூக்கமே போவுது," என்றான் எதிர்வீட்டு நெசவாளி. தெரு கைதட்டியது.

உரக்கச் சொல்லிவிட்டாரே! முறை முறைதான். பூவாயி கதவைத் திறந்துவிட்டாள். அன்றே அவள் வேலை போயிற்று.

பிறகு ஆணைகள் வந்தன. 'கோடை ஒழிக்கப்பட்டது, தாகம் எடுப்பது குற்றம்.' 'ஏரி அரசாங்க அழகுப்பொருள், பார்க்கலாம், மொள்ளக்கூடாது.' 'நாடு செழித்துவிட்டதால் இனி செழிப்பு வரி.' ஏரித் தண்ணீர் மந்திரியின் மாந்தோப்புக்குப் போயிற்று. பூவாயியின் தங்கை வயலில் பயிர் கருகியது. நெசவாளியின் குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது.

ஒருநாள் விடியலில் பூவாயி அரண்மனைக்குப் போனாள்.

"எங்கே போறே?" என்றான் சிப்பாய்.

"சோதனைதான் இல்லையேப்பா! யார் வேணாலும் போகலாமில்ல?"

உள்ளே மந்திரிகள், "நான்தான் முதலில்!" என்று ஒருவர் தலைப்பாகையை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமளியில் அரசர் கண் திறந்தார். பூவாயி அவர் காதருகே குனிந்தாள். 'நான்தான் ராணி' என்றாலும் நம்புவார். 'ஏரி என் தங்கைக்கு' என்றாலும் நம்புவார். அவளுக்கு அது தெரியும்.

"ராசா, நான் சொல்றதையும் அப்படியே நம்பிடாதீங்க. சன்னலைத் தெறந்து தெருவைக் கேளுங்க."

அரசர் சன்னலைத் திறந்தார். கீழே காலிக் குடங்களோடு தெரு நின்றிருந்தது. நெசவாளிதான் முதலில் கத்தினான்.

பொழுது சாய்வதற்குள் அரசர் ஆணையால் ஏரி மதகு திறந்தது. பூவாயியும் வாசல் காவலுக்குத் திரும்பினாள். மறுநாள் சதானந்தர் வந்து தெருப்பக்கம் திரும்பினார், தொண்டையைச் செருமினார், சத்தமில்லாமல் வீட்டுக்குப் போனார்.

அந்த நாடு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள், கண்ணுகளா. இன்று காலை விழித்ததும் உங்கள் காதில் முதலில் பேசியது யார்? அவர் அதைத் தெருவில் நின்று உரக்கச் சொல்வாரா?