ராஜேந்திரனுக்கு ஒரு சால்வை

திருவண்ணாமலை,
செங்கம் சாலை.

அன்புள்ள மாப்பிள்ளை மாறன் அவர்களுக்கு, மாமனார் ஆதிமூலம் எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் தயவில் இங்கே நான், உங்கள் அத்தை, தண்ணீர் மோட்டார் மூவரும் நலம். அங்கே நீங்களும் மதிவதனியும் நலமென்றே நம்புகிறேன். இது போனில் பேசும் விஷயமில்லை. அத்தை காதில் விழும்.

தீபத்துக்கு வந்தபோது டிவியில் ஒரு குட்டிப் பெட்டியை மாட்டி, கோல்ஃப் விளையாட்டு போட்டுக் கொடுத்தீர்களே, வினை அதில்தான். நம்ம ஊர்க் கூத்தில் வேஷம் கட்டும் சடையன் கிரீடம் வைத்ததும் துரியோதனன் ஆவதுபோல, இந்தப் பெட்டி நாற்பது வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டராக வேஷம் கட்டுகிறது என்றுதான் எல்லோருக்கும் விளக்குகிறேன். வேஷத்தில் குறையில்லை, திரையில் ஒவ்வொரு மரமாக வரைந்து முடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. நான் பொறுமையாகக் காற்று பார்த்து, பட்டனை அளவாகத் தட்டி, பதினெட்டுக் குழியிலும் பந்தைச் சேர்த்தேன். அடிக்கு ஒன்றாக ஏறி மொத்தம் தொண்ணூற்றெட்டு. அத்தை குழம்பு கொதிக்கும் இடைவெளியில் வந்து வந்து தட்டி எண்பத்தொன்று. “மொதப் பரீட்சைதானே, போகப் போக ஜாஸ்தி வாங்கலாம்” என்று தேற்றினேன்.

எதிர்வீட்டு ராஜேந்திரனை உங்களுக்குத் தெரியும், என்னோடு ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். அவரைக் கூப்பிட்டுக் காட்டியது என் தப்பு. மனிதர் காற்றும் பார்ப்பதில்லை, திசையும் பார்ப்பதில்லை. குளத்தில் போடுகிறார், மணலில் மாட்டிக்கொண்டு அடி அடி என்று அடிக்கிறார். கடைசியில் நூற்று அறுபத்துமூன்று. “என்ன சார், இன்னும் நூறே தாண்டலியா? கைய நல்லா வீசணும் சார்” என்று என் வீட்டு முறுக்கைத் தின்றுகொண்டே சொல்கிறார். விடைத்தாளைக் கிறுக்கி நிரப்பிய பையனுக்கு முதல் ரேங்க், சுருக்கமாகச் சரியாக எழுதியவன் பார்டர் பாஸ் என்றால் அடுக்குமா? வயிறு எரியுது மாப்பிள்ளை. நானும் மணலில் போட்டுப் பார்க்கலாம் என்று முயன்றேன். காலமெல்லாம் கணக்கு நடத்திய கை, நேராகவே அடிக்கிறது.

இதோட போச்சா? கிரிவலப் பாதையில நடக்கிறப்போ அடி அண்ணாமலை டீக்கடை வரைக்கும் சொல்லிட்டாரு. பென்ஷனர் சங்கத்துல அடுத்த கூட்டத்துல அவருக்குச் சால்வை போடப் போறாங்க. வரவேற்புரை நான். எனக்கு நாக்கு எப்படி வரும், சொல்லுங்க. அதனால் கூட்டத்துக்கு முன்பே நீங்கள் வந்து, அந்த விளையாட்டை ஓசையில்லாமல் அழித்துவிட வேண்டும். பெட்டி ரிப்பேர் என்று அத்தையிடம் சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். மதிவதனியை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஆதிமூலம்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில், மாடியில் குடியிருக்கும் ஸ்காட்லாந்துக்காரர் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்தார். மோட்டார் நலமில்லை. வந்தவர் டிவியைப் பார்த்துவிட்டு, “சார், கோல்ஃப்ல கம்மி அடிச்சவர்தான் ஃபர்ஸ்ட்” என்றார். அடிக்கு ஒன்று ஏறுவது மார்க்கே இல்லையாம். நான் துள்ளி எழுந்து, “வேதா, சால்வை எனக்குத்தான்” என்றேன். சமையலறையிலிருந்து உங்கள் அத்தை, “அப்போ என்னோட எண்பத்தொண்ணு என்னாங்க?” என்று கேட்டாள்.

மாப்பிள்ளை, யோசித்துப் பார்த்தால் ராஜேந்திரன் நல்ல மனிதர். சால்வையை அவரே வாங்கட்டும். வரவேற்புரையை மனதார எழுதத் தொடங்கிவிட்டேன். விளையாட்டை அழிக்க மட்டும் நீங்கள் நாளைக்கே வந்துவிடுங்கள்.