மாமா வருவதற்குள் வந்த சுளுக்கு

"ஞாயித்துக்கிழமை உன் அண்ணன் முன்னால இதை முழுசா வாசிக்கலைன்னா, இந்தப் பியானோவையே தொடமாட்டேன்!"

அம்மாவிடம் அப்பா போட்ட சபதம் இது.

'இது' என்றது ஐரோப்பாவின் ரொமான்டிக் காலத்துப் பியானோ இசை ஒன்றை. கேட்டால் மனசு உருகும். வாசித்தால் விரல் கழன்றுவிடும். நடுவில் ஒரு கார்டு, அதாவது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கொத்து, வரும். இடது கையால் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். அடிக்கட்டைக்கும் மேல்கட்டைக்கும் நடுவே ஒரு பஸ்ஸை நிறுத்தலாம். அப்பாவின் கையோ ஸ்கூட்டர் சைஸ்.

ஞாயிறு காலை, அப்பா என் காதில் கிசுகிசுத்தார்.

"ஏய் வாலு, கட்டுப் போடத் தெரியுமா? இடது கையில சுளுக்கு."

"எப்பப்பா வந்துச்சு?"

"இன்னும் வரல. மாமா வர்றதுக்குள்ள வந்துடும்."

முழங்கை வரை தாராளமாகச் சுற்றிவிட்டேன். அப்பாவின் முனகல் படுமட்டம். நானே நாலு தினுசாக முனகிக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்.

அம்மா பார்த்தாள். பதறவே இல்லை.

"அடப்பாவமே. படுத்துக்கோங்க. ஆமா, அந்தக் கார்டு வர்றப்ப உங்க வலது கைக் கட்டைவிரல் என்ன பண்ணுது?"

"ஆ... ஐயோ... அது சும்மாதான் இருக்கு. ராகத்தை மத்த நாலு விரலும் பாத்துக்கும்."

"இந்த வீட்ல யாரையாவது சும்மா இருக்க விட்டிருக்கேனா? மேல்கட்டையை அதுகிட்ட குடுங்க."

முனகல் நின்றது. அப்பா பியானோவுக்குப் பாய்ந்தார். அவிழ்ந்த கட்டு வால் மாதிரி பின்னாலேயே போனது. இடது கை கீழே இரண்டு கட்டை, வலது கட்டைவிரல் மேலே ஒன்று.

கும்மென்று விழுந்தது கார்டு! இன்னொரு தடவை. கும்!

"விழுந்துடுச்சுடி! விழுந்துடுச்சு!" சொத்தைப் பல்லைப் பிடுங்கிப் போட்டவர் மாதிரி அப்பாவுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர்.

அப்புறம்தான் தன் இடது கையைப் பார்த்தார்.

"சுளுக்கு போயிடுச்சா?" என்றாள் அம்மா, அவிழ்ந்த கட்டுத்துணியைச் சுருட்டியபடி.

சாயங்காலம் மாமா முழுசாகக் கேட்டுவிட்டு, காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் நின்று பேசுவது மாதிரி முழங்கும் தன் குரலில், "பிரமாதம் மாப்பிள்ளை! பத்து விரலும் பேசுது!" என்றார். அப்பா ஓரடி உயர்ந்தார்.

மாமா போனதும் அப்பா கேட்டார். "அந்த யோசனை உனக்கு எப்ப வந்துச்சு?"

"திங்கக்கிழமையே."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எங்க கேட்டீங்க? சரி, கைதான் குணமாயிடுச்சே. அந்தப் பியானோவை நகர்த்துங்க, அடியில பெருக்கணும்."

"நான் ஒத்தை ஆளாவா?"

நான் நைசாக வாசல் பக்கம் நழுவினேன்.

"எதுக்கு ஒத்தை ஆளா? கட்டுப் போட்ட டாக்டரம்மா மறுபக்கம் பிடிப்பாங்க."