வெண்குழிய மாஸ்டருக்கு நெஞ்சு நோவு வந்த கதை

சாய்ந்தமருதில் வெண்குழிய மாஸ்டரோடு சண்டை பிடிக்காத ஒருவர் இருந்தால், அவர் பிறந்தது முதல் கட்டாரில் இருந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு அந்தப் பாக்கியம் தினமும் கிடைத்தது. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்த மனிதர். கோபம் வந்தால், "என்ட வெண்குழியங்கள எழுப்பாதகா! கிருமியக் கண்டா அதுகள் விடாது" என்று கத்துவார். வெண்குழியம் என்றால் இரத்தத்தில் கிருமியோடு சண்டை பிடிக்கும் வெள்ளை அணு; கிருமி நாங்கள்தான்.

சுனாமி அவருடைய மனைவியையும் வீட்டையும் கொண்டுபோனது. மிஞ்சியது மனைவி சமைத்த குசினியின் ஒரு சுவர். முகாமுக்குப் போகாமல் மாஸ்டர் அதிலேயே சாய்ந்து கிடந்தார். மனைவியின் தம்பி நசீர் மண் தள்ளும் பெக்கோ மெஷினோடு வந்து, இடிபாடுகளோடு சேர்த்து அந்தச் சுவரையும் தள்ளி, காணியைத் துப்புரவாக்கினான். அந்த உதவிக்கு நன்றியாக மாஸ்டர் அவனோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார். எங்களுக்கெல்லாம் ஏச்சு, அவனுக்கு மட்டும் மௌனம். எனக்குப் பொறாமையாக இருந்தது.

நாலரை வருடம் கழித்து, யுத்தம் முடிந்ததென்று சந்தியில் பட்டாசு கொளுத்தினார்கள். மாஸ்டர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து போனார்.

"மௌத்தான சனத்த அடக்கி முடியல்ல, அதுக்குள்ள உங்களுக்கு வெடியா?"

அவ்வளவுதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஓடிவந்து தூக்கியது நசீர். நானும் அவனுடைய லொறியில் தொற்றிக்கொண்டேன். மாஸ்டர் மூச்சு வாங்க என்னிடம் சொன்னார்: "இவன்ட லொறியில நான் ஏறமாட்டனெண்டு சொல்லுகா." அப்போது லொறி ஆஸ்பத்திரி இருக்கும் கல்முனையைத் தொட்டிருந்தது.

பிழைத்துக்கொண்டார். பிழைத்ததும் செய்த முதல் நற்காரியம், வார்ட்டில் டொக்டரம்மாவோடு தர்க்கம். மாரடைப்பில் செத்த தசையைத் தேடி வெண்குழியங்கள் வந்திருக்கும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

"கிருமியே இல்லாத இடத்தில அதுகளுக்கு என்ன வேல?"

"துப்புரவு வேல சேர். முதல்ல வாறதுகள் செத்த தசையத் தின்னும். அவசரத்தில பக்கத்தில இரிக்கிற நல்ல தசையிலயும் கைவைக்கும். பிறகு வாறதுகள்தான் ஆறவைச்சுத் தழும்பு கட்டும்."

"நல்லதையும் தின்டா அதுகள் ரவுடிதானே? தடுக்கிறதுக்கு என்ன?"

"முழுக்கத் தடுத்தா துப்புரவு நடக்காது, தழும்பும் ஒழுங்காக் கட்டாது. இதயம் அந்த இடத்தில வெடிச்சும் போகலாம்."

"அப்ப அதுகள் நல்லதா, கெட்டதா?"

"அது அதுகளுக்கே தெரியாது சேர். படுங்க."

மாஸ்டர் படுத்துக்கொண்டார். வார்ட்டே அல்ஹம்துலில்லாஹ் சொன்னது.

மறுநாள் நசீர் கஞ்சி கொண்டுவந்தான். மாஸ்டர் ஒரு கரண்டி குடித்தார். சுனாமிக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் வார்த்தை: "உப்பில்ல."

"டொக்டர்தான் வேணாமெண்டாங்க மச்சான்."

மாஸ்டர் கரண்டியைக் கஞ்சிக்குள் வைத்தார். "அந்தச் சுவர் நின்டுதானேடா இரிந்திச்சி? அத ஏன் தள்ளின?"

நசீர் தலையைக் குனிந்துகொண்டான். "பின்பக்கம் முழுக்க வெடிச்சிப் போய் இரிந்த மச்சான். நீங்க அதுக்கு அடியில இரிந்து எழும்பவே மாட்டனெண்டீங்க. என்ட ராத்தாவக் கடலுக்கு அள்ளிக் குடுத்தாச்சி. உங்களையும் குடுக்க ஏலாம இரிந்திச்சி."

மாஸ்டர் கஞ்சியை முழுக்கக் குடித்துவிட்டு, கோப்பையை நீட்டி இன்னும் கேட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு கோபமே ஆகாதென்று டொக்டர் கட்டளை. மாஸ்டர் எல்லோரிடமும், "ஓம், நல்லது" என்று கதைத்தார். கேட்கவே பயமாக இருந்தது. தெருவே நோயாளி படுத்திருக்கும் வீடு மாதிரி ஆகிவிட்டது.

பிறகொரு காலை, என் கோழி அவருடைய வளவைக் கிண்டியதாம். வேலிக்கு அப்பாலிருந்து என்னையும், என் கோழியையும், எங்கள் இருவரின் பரம்பரையையும் பிடித்து ஏசத் தொடங்கினார்.

நான் கதவுக்குப் பின்னால் பேசாமல் நின்று கேட்டேன். பதில் சொன்னால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.